அண்டார்டிகாவுல ஜெனரேட்டர் நின்னா இன்னா ஆவும்?

போன மே மாசம் எங்க ஊரு வேலூர்ல, சத்துவாச்சாரில ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது கரண்ட் போச்சு, மண்டபத்து ஜெனரேட்டர் ரெண்டு இருமு இருமிட்டு அதுவும் படுத்துடுச்சு. மாப்ள பொண்ணுல இருந்து நாதஸ்வரக்காரர் வரைக்கும் கையில கெடச்ச பத்திரிகைய வெச்சு விசிறிகினு உக்காந்திருந்தோம், வெளிய வெயில் 40 தாண்டி கொளுத்துது. என் அக்கா பையன் டீசல் மெக்கானிக். பட்டு வேட்டிய மடிச்சு கட்டிகினு போனான், பில்டர்ல அடைச்சிருந்த அழுக்க எடுத்து, ஏர் லாக் எடுத்து, இருபது நிமிஷத்துல ஓட விட்டுட்டான். கை கழுவிட்டு நேரா எங்கிட்ட வந்து போன காட்றான்.

"இத பாருங்க மாமா, அண்டார்டிகாவுக்கு ஜெனரேட்டர் மெக்கானிக் வேணுமாம். அங்க விஞ்ஞானிங்கதான கீறாங்க, நம்மள மாதிரி ஆளு எதுக்கு?"

வெளையாட்டாதான் கேட்டான். ஆனா முப்பது வருஷம் ஜியாகரபி எடுத்த வாத்தியார்கிட்ட போயி இத கேட்டா சும்மா விடுவனா. பந்தியில ஆரம்பிச்சது, பாயசம் வந்தும் முடியல, மிச்சத்த எழுதியே குடுத்துட்றேண்டான்னு சொன்னேன். அதுதான் இது.

முதல்ல அந்த வெளம்பரம் நெஜந்தான். கோவாவுல தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம்னு ஒண்ணு இருக்கு, மத்திய அரசோடது, 1998ல ஆரம்பிச்சது. நம்ம நாட்டோட அண்டார்டிகா வேலைய பூரா அவங்கதான் பாக்குறாங்க. அங்க போக கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்குற பட்டியல படிச்சா நம்ம காட்பாடி ரோட்டுல நடந்து போற மாதிரியே இருக்கும்: வண்டி மெக்கானிக், ஜெனரேட்டர் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், பாய்லர் ஆபரேட்டர், கார்பென்டர், கிரேன் ஓட்டுறவர், நர்ஸ், சமையல்காரர். விஞ்ஞானியும் போறாங்க, ஆனா விஞ்ஞானி குளிர்ல வெறைச்சு போகாம உயிரோட உக்காந்து கருவிய பாக்கணும்னா இத்தன பேரு வேணும்.

நம்மளுக்கு அங்க ரெண்டு நிலையம் ஓடுது. மைத்ரி 1989ல கட்டினது, ஷிர்மாக்கர் சோலைங்கிற எடத்துல. சோலைன்னா மரம் செடி எதுவும் கெடையாது, ஐஸ் மூடாத மொட்டைப் பாறைக்கு அங்க அதான் பேரு. பாக்குறதுக்கு நம்ம ஊர சுத்தி இருக்குற மொட்ட மலைங்க மாதிரிதான். ரெண்டாவது பாரதி, 2012ல லார்ஸ்மன் குன்றுகள்ல, 134 ஷிப்பிங் கன்டெய்னர அடுக்கி மேல ஒரு தோல் போத்தி கட்டினது. ரெண்டுக்கும் நடுவுல சுமார் 3000 கிலோமீட்டர், அதாவது ஒண்ணுல ஸ்பேனர் இல்லன்னா இன்னொண்ணுல போயி கேட்டு வாங்க முடியாது.

இதுக்கெல்லாம் முன்னாடி தட்சிண கங்கோத்ரின்னு ஒண்ணு இருந்துச்சு. 1981 டிசம்பர்ல காசிம்ங்கிற கடல் விஞ்ஞானி தலைமையில மொத குழு கோவாவுல கப்பலேறி 1982 ஜனவரில அங்க எறங்கினாங்க. (அதே 1981லதான் நம்ம கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில்ல பல காலம் கழிச்சு சாமிய திரும்ப கொண்டாந்து வெச்சாங்க, அதனால எனக்கு அந்த வருஷம் மறக்காது.) அடுத்தடுத்த பயணத்துல 1983-84ல அந்த நிலையத்த கட்டினாங்க. எங்க கட்டினாங்கன்னா கடல் மேல நீட்டிகினு இருக்குற ஐஸ் பலகை மேலயே. வருஷா வருஷம் பனி கொட்டி கொட்டி கட்டடம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள பொதைஞ்சு, 1990ல கைவிட வேண்டியதா போச்சு. அது பொதையுறத பாத்த பாடத்துலதான், கைவிடுறதுக்கு முன்னாடியே, மைத்ரிய பாறை மேல, கால் வெச்சு தூக்கி கட்டினது, அடியில காத்து பனிய அடிச்சிகினு போயிடட்டும்னு.

இப்ப தண்ணி. எங்க ஊர பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்லன்னு. சாமி வந்துட்டாரு, ராஜாவும் பாலாறும் இன்னும் பாக்கி. அந்த கிண்டல அண்டார்டிகாவுக்கும் சொல்லலாம். உலகத்து நல்ல தண்ணியில சுமார் 70 சதவீதம் அங்க ஐஸா கெடக்கு, ஆனா அது ஒரு பாலைவனம், உள்பகுதியில வருஷம் பூரா சேந்து 50 மில்லிமீட்டர் கூட தேறாது. நம்ம ஊர்ல ஐப்பசில ஒரு நல்ல மழை அத ஒரே ராத்திரியில பெஞ்சுட்டு போயிடும்.

மைத்ரிக்கு எதிர்லயே பிரியதர்ஷினின்னு ஒரு ஏரி, அதுலதான் பம்ப் போட்டு தண்ணி எடுக்குறாங்க. குளிர்காலத்துல மேல தடியா ஐஸ் மூடிக்கும், அடியில தண்ணியாவே இருக்கும். கஷ்டம் ஏரியில இல்ல, ஏரியில இருந்து வீட்டுக்கு வர்ற பைப்புல. பைப்ப சுத்தி சூடு குடுத்துகினே இருக்கணும், தண்ணியும் ஓடிகினே இருக்கணும். கரண்ட் நின்னு பம்ப் நின்னுச்சுன்னா பைப்புக்குள்ள தண்ணி ஐஸ் ஆகும், ஐஸ் ஆனா வீங்கும், வீங்கினா பைப்பு வெடிக்கும். அப்புறம் மைனஸ் 25ல கையொற போட்டுகினு பைப்பு மாத்தணும், வெறுங்கையில இரும்ப தொட்டா தோலு ஒட்டிகினு உரிஞ்சு வந்துடும். பாரதில கடல் தண்ணிய ஆர்ஓ போட்டு குடிக்குறாங்க, அதுக்கும் கரண்ட்தான் வேணும். 2019 ஜூலைல ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில் போச்சே, அப்ப நம்ம பக்கத்து ஜனங்க தண்டவாளத்த பாத்துகினு வயிறெரிஞ்சாங்க. அங்க அந்த மாதிரி எங்க இருந்தும் ரயில் வராது. அதனால பக்கெட் அளவு பாத்துதான் குளியல், துணி தொவைக்க முறை போட்டுக்கணும்.

ஆக, மருமவனே, உன் கேள்விக்கு பாதி பதில் இங்கயே வந்துடுச்சு. கரண்ட்டுன்னா லைட்டு பேனு சமாச்சாரம் இல்ல அங்க. தண்ணி, சூடு, சமையல், சாக்கடை, ரேடியோ, எல்லாம் ஒரே கயித்துல தொங்குது, கயிறு ஜெனரேட்டர் கையில. பாரதில ஜெனரேட்டர்ல இருந்து வர்ற சூட்டகூட வீணாக்காம எடுத்து கட்டடத்த சூடு பண்ண விட்ருக்காங்க. நம்ம மண்டபத்து ஜெனரேட்டர் சூடு பக்கத்து வீட்டு செவுத்துல அடிச்சு சண்டதான் வாங்கி குடுக்குது.

நின்னா இன்னா ஆவும்னு நெஜமாவே நடந்து பாத்தவங்க உண்டு. 1982ல ரஷ்யாக்காரங்களோட வோஸ்டாக் நிலையத்துல ஜெனரேட்டர் கட்டடமே தீப்புடிச்சு எரிஞ்சுடுச்சு, ஒருத்தர் செத்துட்டாரு. குளிர்காலம் ஆரம்பிக்குற நேரம், விமானம் வர முடியாது, கப்பல் கிட்டவே கெடையாது. மிச்ச பேரு கெடச்சத வெச்சு அடுப்பு செஞ்சு, ஒரே ரூம்ல முடங்கிகினு, அந்த குளிர்காலத்த ஓட்டிட்டாங்க. எந்த எடம் தெரியுமா அது? அடுத்த வருஷமே, 1983 ஜூலை 21ல, மைனஸ் 89.2 டிகிரி பதிவாச்சே, பூமியில தரையில அளந்ததுலயே ரொம்ப குளிரான எடம், அது. 2012ல பிரேசில் நிலையத்துலயும் ஜெனரேட்டர் இருக்குற பக்கம்தான் தீ ஆரம்பிச்சுது, கடற்படை ஆளுங்க ரெண்டு பேரு செத்துட்டாங்க. அவ்ளோ ஐஸ் நடுவுல தீயான்னு கேப்ப. காத்துல ஈரமே கெடையாது, எல்லாம் சருகு மாதிரி காஞ்சு கெடக்கும், காத்து வேற பேயா அடிக்கும், அணைக்க தண்ணி ஊத்தலாம்னா தண்ணி ஐஸா இருக்கும். குளிர விட தீக்குதான் அங்க இருக்குறவங்க ரொம்ப பயப்படுவாங்க. கதவு கைப்புடிய தொட்டாலே சுரீர்னு ஷாக் அடிக்கும், அதுவும் இந்த வறட்சியாலதான்.

டீசல் வேலைய பத்தி உனக்கு தனியா சொல்லணும். சாதா டீசல்ல மெழுகு கலந்திருக்கு, மார்கழியில தேங்கா எண்ணெ உறையற மாதிரி அது குளிர்ல கட்டி தட்டும், பில்டர் அடைச்சிக்கும், இஞ்சின் நின்னுடும். நீ மண்டபத்துல அழுக்க எடுத்தியே, அங்க அதே எடத்துல மெழுகு நிக்கும். அதனால விமானத்துக்கு ஊத்துற மாதிரி குளிர் தாங்குற எண்ணெதான் அங்க ஓட்டுறது. இஞ்சின் ஆயில் உறைஞ்ச நெய்யா இருக்கும், வெளிய நிறுத்தின வண்டிய எடுத்த எடுப்புல ஸ்டார்ட் பண்ண முடியாது, முதல்ல சூடு காட்டணும். பாட்டரி பாதி சக்திதான் குடுக்கும். ரப்பர் ஓஸ் அப்பளம் மாதிரி ஒடையும்.

இதுல இன்னொரு கஷ்டம் என்னன்னா, கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவதான், கோடையில, அதாவது நம்ம டிசம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ள. அதுவும் மைத்ரி வாசலுக்கு வராது, ஐஸ் பலகை ஓரத்துல நிக்கும், அங்க இருந்து சுமார் 100 கிலோமீட்டர் சங்கிலி சக்கர வண்டிங்க வரிசையா டேங்கர இழுத்துகினு வரணும், வேலூர்ல இருந்து காஞ்சிபுரத்த தாண்டுற தூரம், ரோடே இல்லாம, ஐஸ்ல வெடிப்பு எங்க இருக்குன்னு பாத்து பாத்து. ஆக ஒரு வருஷத்துக்கு எந்த பேரிங் போகும், எந்த கேஸ்கட் கிழியும்னு முன்கூட்டியே யோசிச்சு கேட்டு வாங்கி வெச்சுக்கணும். மறந்தது மறந்ததுதான், ராணிப்பேட்டை போயி வாங்கியாரேன்னு பைக்க எடுக்க முடியாது.

ஒடம்பு சரியில்லன்னா? எங்க ஊருக்கு ஆஸ்பத்திரிக்குன்னே வங்காளத்துல இருந்து ரெண்டு நாள் ரயில்ல வராங்க, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலில இருக்கும். அப்படி ஒரு ஊர்ல பொறந்தவனுக்கு இது புரியறது கஷ்டம், ஆனா மைத்ரில குளிர்காலத்துல இருக்குற சுமார் 25 பேருக்கு கூட இருக்குற டாக்டர்தான் எல்லாம். அந்த டாக்டருக்கே வயித்து வலி வந்தா? மைத்ரிக்கு பக்கத்துலயே, நாலஞ்சு கிலோமீட்டர்ல, ரஷ்யாக்காரங்களோட நோவோலசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கு. 1961ல அங்க லியோனிட் ரோகோசோவ்னு 27 வயசு டாக்டர், இருந்த ஒரே டாக்டர், அவருக்கே அப்பென்டிக்ஸ் வந்துடுச்சு. வெளிய பனிப்புயல். ஏப்ரல் 30 ராத்திரி அவரே தன் வயித்த கீறி, உள்ள தேடி எடுத்துட்டாரு, கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கா மணி நேரம். ரெண்டு வாரத்துல வேலைக்கு வந்துட்டாரு. இத எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா நான் ரசிக்குறது வேற ஒண்ண. கத்தி கருவி எடுத்து குடுத்தது வானிலை பாக்குற ஆளு, கண்ணாடி புடிச்சு லைட்ட திருப்பி திருப்பி காட்டினது மெக்கானிக். உன் தொழில்காரன்தாண்டா. கொஞ்சம் மயக்கம் வந்து கண்ணாடிய கீழ போட்டிருந்தான்னா டாக்டர் கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

இதனாலதான் போறதுக்கு முன்னாடி டெல்லி எய்ம்ஸ்ல மேல இருந்து கீழ வரைக்கும் செக்கப் பண்றாங்க, மனநிலையும் சேத்து. அப்புறம் உத்தரகாண்ட்ல அவுலிங்கிற எடத்துல இந்தோ திபெத் எல்லை போலீஸ்காரங்க பனியில நடக்க, கயிறு புடிக்க, குழியில விழுந்தவன தூக்க பழக்குவாங்க. அதுக்கு பின்னாடிதான் தென்னாப்பிரிக்கா கேப் டவுன், அங்க இருந்து கப்பலோ விமானமோ.

மனசு விஷயம் இருக்கே, அத செக்கப்ல முழுசா புடிக்க முடியாதுன்னு நெனக்கிறேன். நம்ம ஊர்ல அக்னி நட்சத்திரம் முடியுற நேரம், மே கடைசி, மைத்ரில சூரியன் எறங்குனா ஜூலை கடைசிலதான் திரும்ப மூஞ்சிய காட்டும். ரெண்டு மாசம் இருட்டு. தூக்கம் தாறுமாறா போகும், எதையோ எடுக்க போயி எதுக்கு வந்தோம்னு மறந்து நிப்பாங்க, செவுத்த வெறிச்சு பாத்துகினு உக்காந்திருப்பாங்க. பெரிய சண்ட வராது, ஸ்பூன் சத்தம், செருப்பு சத்தம், ஒருத்தர் டீ உறிஞ்சுற சத்தம், இதுக்குதான் வரும். கூட்டுக்குடும்பத்துல வாழ்ந்தவனுக்கு இது நல்லாவே புரியும், என்ன, அங்க கோச்சிகினு மாமியார் வீட்டுக்கு போக வழி இல்ல. 1984ல அர்ஜென்டினாவோட நிலையத்துல ஒரு டாக்டர், இன்னொரு குளிர்காலமும் இங்கயே இருக்கணும்னு சொன்னதுக்கு நிலையத்தையே கொளுத்திட்டாரு. ஆனா தாங்குறவங்களும் இருக்காங்க. இஸ்ரோவுல இருந்து மங்களா மணின்னு ஒரு அம்மா, 56 வயசுல பாரதிக்கு போயி, குழுவுல ஒரே பொம்பளையா, 403 நாள் இருந்துட்டு வந்தாங்க.

அவங்க பாத்த வேலைதான் பாரதியோட பெரிய வேலைல ஒண்ணு. பூமிய படம் புடிக்குற செயற்கைக்கோள் வடக்கு தெக்கா சுத்தும், ஒரு நாளைக்கு சுமார் 14 சுத்து. படத்த எறக்குற இஸ்ரோ நிலையம் இருக்குற ஹைதராபாத் பக்கம் அதுல கொஞ்ச சுத்துதான் தலைக்கு மேல வரும், துருவத்துகிட்ட பெரும்பாலும் எல்லா சுத்துலயும் எட்டி பாத்துட்டு போகும். 2013ல இருந்து அங்க ஆன்டெனா வெச்சு அந்த படங்கள எறக்குறாங்க. பாலாத்துல வெள்ளம் வந்தா மேல இருந்து எடுக்குற படம் ஐஸ் மேல எறங்கி வரலாம், அந்த கருவி ஓடுறதும் ஜெனரேட்டர்லதான்.

மத்த அறிவியல் வேலையும் பாத்தா சினிமாத்தனம் எதுவும் இருக்காது. பலூன் விட்டு ஓசோன் அளக்குறது, பூமியோட காந்தப்புலத்த குறிச்சு வெக்குறது, வானிலை எழுதுறது, தெனமும் அதேதான். ஆனா அதுல ஒரு நாள் விட்டா விட்டதுதான். 1985ல ஓசோன் ஓட்டைய பிரிட்டிஷ்காரங்க சொன்னது ஒரு நாள் கண்டுபுடிப்பு இல்ல, ஹேலி நிலையத்துல 1950கள்ல இருந்து யாரோ ஒருத்தர் குளிர்ல கருவிகிட்ட நின்னு நம்பர் எழுதிகினே வந்தாங்க, அந்த நோட்டுல இருந்து வந்தது.

சாப்பாட்டுக்கு வரேன், பந்தியில நீ இதத்தான் மொதல்ல கேட்ட. அரிசி, பருப்பு, மாவு, மசாலா எல்லாம் போகும், கறியும் மீனும் ஐஸ்ல கெடக்கும், பிரிட்ஜுக்கு செலவே இல்ல. அங்க தலகீழ் பிரச்சன, எத உறையாம காப்பாத்துறதுன்னு. வெங்காயம், முட்ட இதுக்கெல்லாம் சூடான ரூம் வேணும். கப்பல் போன கொஞ்ச மாசத்துல பச்ச காய் தீந்துடும், அப்புறம் காஞ்சதும் உறைஞ்சதும்தான். ஆம்பூர் பிரியாணி ஒருவேளை ஆக்கிடலாம், தொட்டுக்க கத்திரிக்கா பச்சடிக்கு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு எங்க போறது. ஜெர்மன்காரங்க 2018ல அவங்க நிலையத்துல மண்ணே இல்லாம, வெயிலே இல்லாம, லைட்ட போட்டு தோட்டம் வெச்சாங்க, மொத அறுவடையில 3.6 கிலோ கீரை, 18 வெள்ளரிக்கா, 70 முள்ளங்கி வந்துச்சு. வெள்ளரிக்காய எண்ணி கணக்கு எழுதியிருக்காங்கன்னா எவ்ளோ ஏங்கியிருப்பாங்க பாரு. சமையல்காரர் இருந்தாலும் நம்ம நிலையத்துல எல்லாரும் முறை வெச்சு கிச்சன் வேல பாக்கணும், வெங்காயம் உரி, பாத்திரம் கழுவு, கக்கூஸ் கழுவு. டாக்டர் பட்டம் வாங்கினவரும் கழுவணும், தலைவரும் கழுவணும். இந்த ஒண்ணுக்காகவே நம்ம ஊர் ஆபீசர் நாலு பேர அனுப்பி வெக்கலாம்னு தோணும் எனக்கு.

குப்பை கதைய மட்டும் கொஞ்சம் கேளு. 1991ல மாட்ரிட்ல போட்ட ஒப்பந்தப்படி அங்க சுரங்கம் தோண்டக்கூடாது, கண்டத கொட்டக்கூடாது. பழைய ஆயில், பாட்டரி, பிளாஸ்டிக், இரும்பு, எல்லாத்தையும் கட்டி வெச்சு கப்பல்ல திரும்ப அனுப்பணும். 2022ல நம்ம நாட்டுலயும் தனியா சட்டம் போட்டாச்சு. மெக்கானிக் ஆயில் மாத்தும்போது கீழ சிந்தினா அது குத்தம். ராணிப்பேட்டையில மூடிப்போன ஒரு பாக்டரி லட்சம் டன்னுக்கு மேல குரோமியம் கழிவ அப்படியே விட்டுட்டு போயிட்டு, மழ பேஞ்சா மஞ்சளா தண்ணி ஓடுது, வருஷக்கணக்கா. மனுஷனே குடியில்லாத எடத்துல ஒரு சொட்டு ஆயிலுக்கு கணக்கு, குடியிருக்குற எடத்துல இப்படி.

சந்தோஷமே இல்லன்னு இல்ல. ஜூன் 21 அவங்களுக்கு தீபாவளி மாதிரி, இருட்டோட நடு நாள், இனிமே வெளிச்சம் திரும்புதுன்னு கண்டம் பூரா எல்லா நாட்டு நிலையமும் ஒருத்தருக்கொருத்தர் வாழ்த்து அனுப்பி விருந்து வெப்பாங்க. வானத்துல பச்சையா ஒளி ஆடும். பக்கத்து ரஷ்யாக்காரங்க விருந்துக்கு வருவாங்க, நம்மாளுங்க அங்க போவாங்க.

எல்லாத்தையும் படிச்சிட்டு பையன் விண்ணப்பம் போடலாமா வேணாமான்னு யோசிச்சிகினு இருக்கான். அக்காதான் முடிவா ஒரு கேள்வி கேட்டுது: "ஏம்பா, அங்க போஸ்ட்டு போவுமா? மாங்கா ஊறுகா அனுப்பணும்னா?"

போவும்க்கா. தட்சிண கங்கோத்ரில 1984லயே போஸ்ட் ஆபீஸ் தொறந்துட்டாங்க, 2024 ஏப்ரல்ல பாரதிக்கும் ஒண்ணு வந்துடுச்சு, பின்கோடு எம்எச்-1718. கடுதாசி எல்லாம் கோவாவுல சேந்து, வருஷத்துக்கு ஒரு தடவ போற குழுவோட போயி, அங்க முத்திரை குத்திகினு திரும்பி வரும், முத்திரை சேக்குறவங்களுக்குதான் அதுல ஆச. ஊறுகாய இவன் பெட்டியிலயே வெச்சு அனுப்பிடு, எண்ணெ கொஞ்சம் தூக்கலா ஊத்து.